அப்டேட் போட்ட மறுநாளே பேட்டரி எங்கே போகிறது?

2023 அக்டோபர் 25 அன்று ஆப்பிள் வாட்ச்களுக்கு வாட்ச்ஓஎஸ் 10.1 வந்தது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இரண்டு முறை தட்டினால் போதும், ஃபோன் அழைப்பை எடுக்கலாம், டைமரை நிறுத்தலாம் என்ற வசதியைப் புதிய மாடல்களுக்குக் கொண்டுவந்த அப்டேட் அது. ஆசையாகப் போட்டுக்கொண்டவர்களில் பலர் அடுத்த சில நாட்களிலேயே புலம்பத் தொடங்கினார்கள். காலையில் முழு சார்ஜோடு கட்டிக்கொண்டு கிளம்பினால் சாயங்காலம் வரை தாங்கவில்லை. சிலருக்குச் சில மணி நேரம்கூட நிற்கவில்லை. வாட்ச் சூடாகிறது என்றும் சொன்னார்கள். நவம்பர் 7 அன்று 10.1.1 வந்தது. சிலருக்கு பேட்டரி வேகமாகத் தீர்ந்துபோகக் காரணமாக இருந்த கோளாறு சரிசெய்யப்பட்டது என்று அதன் குறிப்பில் சொல்லியிருந்தார்கள். கோளாறு என்ன, எதனால் வந்தது என்ற விவரம் இல்லை.

இடையில் போனவை 13 நாட்கள். அந்த 13 நாட்களுக்குள், நவம்பர் 5 அன்று, நியூயார்க் மாரத்தான் நடந்து முடிந்திருந்தது. 50,000 பேருக்கு மேல் ஓடி முடித்த பந்தயம். மாதக்கணக்கில் விடிகாலையில் எழுந்து பயிற்சி எடுத்தவர்கள் வாட்ச்சை நம்பித்தான் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். முதல் 10 கிலோமீட்டரில் உற்சாகத்தில் வேகம் கூடினால் எச்சரிப்பதும் அதுதான், 35-ஆவது கிலோமீட்டரில் கால் கனக்கும்போது இன்னும் எவ்வளவு மிச்சம் என்று சொல்வதும் அதுதான். அந்த நேரத்தில் திரை கறுத்துப்போனால் அந்த நாளின் பதிவும் அதோடு நின்றுவிடும். ஓடாதவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஓடுகிறவர்களுக்கு அப்படி இல்லை.

இத்தனைக்கும் பெரும்பாலும் இதற்குக் காரணம் மிகச் சின்னத் தவறாகத்தான் இருக்கும். அது எப்படி இவ்வளவு பெரிய அடியாக விழுகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும்.

இன்றைய கைப்பேசிகளில் 5,000 மில்லியாம்பியர் மணி பேட்டரி சாதாரணம். கைக்கடிகாரத்தில் அவ்வளவுக்கு இடமில்லை, சில நூறுதான். 300 என்று வைத்துக்கொள்வோம். சும்மா கட்டியிருந்தால் 14 நாள் நிற்கும் என்று சொல்லி விற்கிறார்கள். 14 நாள் என்றால் 336 மணி நேரம். 300-ஐ 336-ஆல் வகுத்தால் சுமார் 0.9 மில்லியாம்பியர். நேரம் காட்டுவது, இதயத்துடிப்பைப் பார்ப்பது, அடிகளை எண்ணுவது, ஃபோனில் வரும் செய்திகளை எடுத்துக் காட்டுவது என்று அத்தனை வேலையையும் சராசரியாக ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவான மின்சாரத்தில் அந்த வாட்ச் செய்தாக வேண்டும். இப்போது ஒரு அப்டேட், பின்னணியில் ஏதோ ஒரு வேலையை நிறுத்தாமல் விட்டுவிட்டது, அது கூடுதலாக வெறும் ஒரு மில்லியாம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். மொத்தம் 1.9 ஆகிவிடும். 300-ஐ அதனால் வகுத்தால் 158 மணி நேரம். 14 நாள் வாட்ச் ஆறரை நாள் வாட்ச் ஆகிவிட்டது.

இதே வாட்ச்சில் ஜிபிஎஸ் போட்டு ஓடினால் 30 மணி நேரம் வரும் என்றால், அப்போது அது இழுப்பது 10 மில்லியாம்பியர். அதோடு அந்த ஒரு மில்லியாம்பியரைக் கூட்டினால் 11. ஆயுள் 27 மணி நேரமாகக் குறையும், அவ்வளவுதான். மூன்று மணி நேர வித்தியாசத்தை வார நாட்களில் ஒரு மணி நேரம் ஓடுகிறவர் கவனிக்கக்கூட மாட்டார். ஓடும்போது நன்றாகத்தான் இருக்கிறது, சும்மா கட்டியிருக்கும்போதுதான் சார்ஜ் இறங்குகிறது என்று பலர் சொல்வதற்கு இதுதான் காரணம். சர்வீஸ் சென்டரில் இதைச் சொன்னால் நம்ப முடியாதது போலப் பார்ப்பார்கள். ஆனால் கணக்கு அந்தப் புகாரின் பக்கம்தான் இருக்கிறது. ஒரே கோளாறு ஒரு நிலையில் பாதி ஆயுளைத் தின்றுவிடும், இன்னொரு நிலையில் பத்தில் ஒரு பங்கைத்தான் தொடும்.

அந்த ஒரு மில்லியாம்பியர் எங்கிருந்து வருகிறது? வாட்ச்சுக்குள் இருக்கும் பிராசசர் நாளின் பெரும்பகுதியைத் தூங்கித்தான் கழிக்கிறது. வேலை வரும்போது நொடியின் ஒரு சிறு பங்கு விழித்து, முடித்துவிட்டு மறுபடி தூங்கிவிடும். நீண்ட பேட்டரி ஆயுளின் சூட்சுமம் இந்தத் தூக்கத்தில்தான் இருக்கிறது. அப்டேட்டுக்குப் பின் ஏதாவது ஒன்று அதைத் தூங்கவிடாமல் எழுப்பிக்கொண்டே இருந்தால் சார்ஜ் கரையும். ஃபோனுடன் ப்ளூடூத் இணைப்பு அறுந்து அறுந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். பாதியில் நின்றுபோன ஒரு பதிவை ஃபோனுக்கு அனுப்ப ஓயாமல் முயன்றுகொண்டிருக்கலாம். யாரோ எழுதிய வாட்ச் ஃபேஸ் ஒன்று புதிய மென்பொருளோடு ஒத்துப்போகாமல் தேவைக்கு மேல் திரையை வரைந்துகொண்டிருக்கலாம். தவிர, ஜிபிஎஸ் சிப், இதயத்துடிப்பு சென்சார், ப்ளூடூத் சிப் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு சிறு மென்பொருள் உண்டு. நம் கண்ணுக்கு ஒரே அப்டேட்டாகத் தெரிவது உள்ளே இவற்றில் இரண்டு மூன்றைச் சேர்த்து மாற்றியிருக்கலாம். அதே வாரத்தில் ஃபோனுக்கும் ஒரு அப்டேட் வந்திருந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். தவறு ஃபோனில் இருக்க, திட்டு வாட்ச்சுக்கு விழும்.

எல்லாப் புகாரும் கோளாறு அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரிய அப்டேட் முடிந்த முதல் ஓரிரு நாட்கள் வாட்ச்சுக்கு உள்வேலை அதிகம். சேமித்த தகவல்களைப் புதிதாக அடுக்க வேண்டும், ஃபோனோடு மறுபடி எல்லாவற்றையும் ஒத்துப்பார்க்க வேண்டும், ஆப்களைப் புதுப்பிக்க வேண்டும். புது வசதிகளை நாமும் நோண்டிக்கொண்டே இருப்போம், திரை எரிந்துகொண்டே இருக்கும். அந்த நாட்களில் சார்ஜ் இறங்குவது இயல்பு. இன்னொன்று, திரையில் தெரியும் சதவீதம் என்பது பேட்டரியின் மின்னழுத்தத்தையும் அதிலிருந்து வெளியேறிய மின்சாரத்தையும் வைத்து மென்பொருள் போடும் மதிப்பீடு. அந்தக் கணக்கு முறையையே அப்டேட் மாற்றினால், பேட்டரிக்கு ஒன்றும் ஆகாமலே எண் வேறு மாதிரி இறங்கும். மூன்று நாள் பொறுத்துப் பார்க்காமல் முடிவுக்கு வருவது சரியில்லை.

அப்டேட்டுக்குப் பின் முதலில் பார்க்க வேண்டிய இடம் செட்டிங்ஸ். அப்டேட்டோ, அதன்பின் செய்யும் ரீசெட்டோ, நாம் அணைத்து வைத்திருந்த ஒன்றை மறுபடி ஆன் செய்திருக்கலாம். புதிதாக வந்த வசதி ஆன் நிலையிலேயே வந்திருக்கலாம். ரத்த ஆக்சிஜனை நாள் முழுக்க அளக்கும் வசதி இதில் பெரிய தின்னி. அதை எப்போதும் ஆன் செய்து வைத்தால் பேட்டரி ஆயுள் வெகுவாகக் குறையும் என்று கார்மின் நிறுவனமே தன் கையேடுகளில் சொல்கிறது. அடுத்தது ஜிபிஎஸ் எந்த முறையில் ஓடுகிறது என்பது. 2022 ஜனவரியில் வந்த கார்மின் ஃபீனிக்ஸ் 7 மாடலை எடுத்துக்கொள்வோம். வெறும் ஜிபிஎஸ் மட்டும் என்றால் 57 மணி நேரம். எல்லாச் செயற்கைக்கோள் தொகுதிகளையும் பயன்படுத்தி, இரண்டு அலைவரிசைகளிலும் கேட்கும் துல்லிய முறைக்கு, அந்த வசதி உள்ள ரகத்தில், 23 மணி நேரம். ஆல்ப்ஸ் மலையில் மோன் பிளான் சிகரத்தைச் சுற்றி ஓடும் யூடிஎம்பி பந்தயத்துக்குத் தரப்படும் அவகாசம் 46 மணி 30 நிமிடம். முதல் முறையில் வைத்தால் கடைசி ஆளாக வருபவருக்கும் வாட்ச் தாக்குப்பிடிக்கும். இரண்டாவது முறையில் பாதி மலையில் அணைந்துவிடும். ஒரே வாட்ச், ஒரே பேட்டரி. மெனுவில் ஒரு வரிதான் வித்தியாசம்.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் மணி நேரம், பேட்டரியைப் பற்றிய தகவல் என்றுதான் வாங்குபவர்கள் நினைக்கிறார்கள். பாதி உண்மைதான். மீதிப் பாதி மென்பொருள் எடுக்கும் முடிவு. பின்லாந்து நிறுவனமான சூன்டோ 2018-இல் வெளியிட்ட சூன்டோ 9 இதை வெளிப்படையாகவே காட்டியது. நொடிக்கு நொடி இடத்தைக் குறித்தால் 25 மணி நேரம். ஜிபிஎஸ்ஸை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் கேட்டு, இடையில் கை அசைவையும் திசையையும் வைத்து வழியை ஊகித்தால் 120 மணி நேரம். எதை விட்டுக்கொடுத்து எதைப் பெறுகிறோம் என்று ஓடுபவர் தெரிந்து தேர்ந்தெடுக்கலாம். மற்ற நிறுவனங்களும் இந்த வழியில்தான் போயிருக்க வேண்டும்.

மென்பொருளால் ஆயுள் கூடவும் செய்யும். 2022 செப்டம்பரில் வந்த வாட்ச்ஓஎஸ் 9, 2018-ஆம் ஆண்டின் சீரிஸ் 4 வரையிலான பழைய ஆப்பிள் வாட்ச்களுக்கும் சார்ஜைச் சிக்கனப்படுத்தும் முறையைக் கொடுத்தது. அடுத்த மாதமே வந்த 9.1, ஓடும்போதும் நடக்கும்போதும் ஜிபிஎஸ்ஸையும் இதயத்துடிப்பையும் அடிக்கடி பார்க்காமல் பேட்டரியை நீட்டிக்கும் வசதியை அந்த ஆண்டின் மாடல்களுக்குக் கொண்டுவந்தது. காசு வாங்காமல் கொடுத்த நல்ல காரியம். அப்டேட்டே வேண்டாம் என்று ஒதுங்குபவர்கள் இதையெல்லாம் இழக்கிறார்கள், பாதுகாப்புத் திருத்தங்களையும் சேர்த்து.

ஆனால் கோளாறு வரும்போது நிறுவனங்கள் நடந்துகொள்ளும் விதம்தான் வருத்தமளிக்கிறது. 2020 செப்டம்பரில் வாட்ச்ஓஎஸ் 7-ம் ஐஓஎஸ் 14-ம் வந்தபோது சிலருக்கு பேட்டரி வேகமாகத் தீர்ந்தது, ஓடிய வழியின் வரைபடமே காணாமல் போனது. ஆப்பிள் சொன்ன தீர்வு என்ன தெரியுமா? வாட்ச்சை ஃபோனிலிருந்து பிரித்து, இரண்டையும் பேக்கப் எடுத்து, இரண்டையும் முழுவதுமாக அழித்து, மறுபடி ஏற்றிக்கொள்ளச் சொன்னது. தவறு மென்பொருளில், அரை நாள் வேலை காசு கொடுத்து வாங்கியவருக்கு. பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி ஆப்பிள் வாட்ச்சில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

கேட்காமலே வந்துவிடும் மாற்றங்களும் உண்டு. செயற்கைக்கோள்கள் அடுத்த சில நாட்களில் எங்கே இருக்கும் என்ற தகவல் கோப்பை வாட்ச்கள் ஃபோன் வழியாக அவ்வப்போது வாங்கிக்கொள்ளும். அது கையில் இருந்தால்தான் ஜிபிஎஸ் சட்டென்று பிடிக்கும், தேடித் தேடி சார்ஜை வீணாக்காது. 2025 ஜனவரி இறுதியில் கார்மின் வாட்ச்களுக்கு இப்படிப் போன கோப்பு ஒன்று பழுதாக இருந்தது. உலகம் முழுவதும் பல மாடல்கள் நீல முக்கோணத்தைக் காட்டியபடி உறைந்து நின்றன. யாரும் அப்டேட் பட்டனை அழுத்தவில்லை. வழக்கம்போல ஃபோனோடு இணைத்தார்கள், அவ்வளவுதான்.

இவை எல்லாம் தெரியாமல் நடந்தவை. தெரிந்தே செய்ததற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது.

இப்போது கூகுளுக்குச் சொந்தமான ஃபிட்பிட் நிறுவனம் 2020-இல் சென்ஸ், வெர்சா 3 என்ற இரண்டு மாடல்களை விற்கத் தொடங்கியது. ஒருமுறை சார்ஜ் போட்டால் ஆறு நாளுக்கு மேல் நிற்கும் என்பது அதன் வாக்குறுதி. 2025-இன் தொடக்கத்தில் இந்த இரண்டுக்கும் ஓர் அப்டேட் வந்தது. மிகச் சில வாட்ச்களில் பேட்டரி சூடாகும் அபாயம் இருக்கிறது, அதைத் தவிர்க்க பேட்டரியின் கொள்ளளவைக் குறைக்கிறோம், இனி அடிக்கடி சார்ஜ் போட வேண்டியிருக்கும் என்று அறிவித்தார்கள். ஈடாகத் தங்கள் கடையில் வேறு பொருள் வாங்க 50 டாலர் சலுகை.

கையில் கட்டும் பொருள் சூடாகிச் சுடக்கூடாது, அதில் இரண்டு கருத்து இல்லை. ஃபிட்பிட்டுக்கு அந்த அனுபவமும் இருந்தது. அதன் அயானிக் வாட்ச்சால் அமெரிக்காவில் மட்டும் தீக்காயம் பட்டதாக 78 புகார்கள் வந்து, 2022 மார்ச்சில் விற்ற அத்தனையையும் திரும்பப் பெற்றுக்கொண்டு ஆளுக்கு 299 டாலர் கொடுத்தார்கள். அபாயத்தை உரிய நேரத்தில் தெரிவிக்கவில்லை என்பதற்காக 2025 ஜனவரியில் 1 கோடியே 22 லட்சத்து 50 ஆயிரம் டாலர் அபராதமும் விழுந்தது. ஆக, பாதுகாப்புக்காகச் செய்ததைக் குறை சொல்ல முடியாது. 2020-இல் காசு கொடுத்து வாங்கிய ஆயுளை எடுத்துக்கொண்டு, இன்னொரு பொருளை வாங்கினால்தான் உதவும் சலுகையை நீட்டுவதுதான் நியாயமில்லை. ஒன்று பேட்டரியை மாற்றிக் கொடுக்க வேண்டும், அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அயானிக்குக்குச் செய்ததை இவற்றுக்கும் செய்திருக்கலாம்.

இந்த விஷயத்தில் இத்தாலியின் போட்டி ஆணையம் 2018 அக்டோபரில் கொடுத்த தீர்ப்பு கவனிக்க வேண்டியது. கைப்பேசிகளை மந்தமாக்கிய அப்டேட்களுக்காக ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ, சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோ அபராதம் விதித்தார்கள். போதிய தகவல் சொல்லாமலும், பழைய செயல்திறனைத் திரும்பப் பெற வழி வைக்காமலும் அப்டேட்டைப் போடவைத்தது குற்றம் என்றார்கள். கைக்கடிகாரங்களுக்கும் இந்த அளவுகோல் அப்படியே பொருந்தும். அப்டேட் குறிப்பில் கோளாறுகள் சரிசெய்யப்பட்டன என்று பொதுவாக எழுதிவிட்டுப் போகாமல், எந்த மாடலில் எந்த முறையில் எத்தனை மணி நேரம் கூடும், எத்தனை குறையும் என்று எண்ணைப் போட வேண்டும். பாதுகாப்புத் திருத்தத்தைத் தனியாகவும் புது வசதிகளைத் தனியாகவும் தர வேண்டும். பேட்டரி பாதிக்கப்பட்டால் குறைந்தது ஒரு மாதத்துக்காவது முந்தைய பதிப்புக்குத் திரும்ப விட வேண்டும். கார்மின் தன் அப்டேட்களை முதலில் ஒரு பகுதியினருக்கு மட்டும் அனுப்பி, பிறகு எல்லோருக்கும் விரிக்கிறது, நல்ல பழக்கம்தான். அந்த முதல் பகுதியில் மாட்டிக்கொண்டவருக்குத் திரும்பும் வழி வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்துகொள்வோம். அப்டேட் போடுவதற்கு முன் ஓர் இரவு, படுக்கும்போதும் எழும்போதும் சதவீதத்தைக் குறித்து வையுங்கள். 14 நாள் வாட்ச் நாளுக்கு 7 சதவீதம் செலவழிக்க வேண்டும். எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. அப்டேட் போட்டு மூன்று நாள் கழித்து அதே அளவை மறுபடி எடுங்கள். 8, 10 என்று இறங்கினால் உள்ளே ஏதோ தூங்கவில்லை. முதலில் ஒரு ரீஸ்டார்ட். பிறகு வாட்ச்சோடு வந்த சாதாரண வாட்ச் ஃபேஸுக்கு மாறிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஓர் இரவு ஃப்ளைட் மோடில் வையுங்கள். அப்போது சார்ஜ் நின்றால் பிரச்சினை ஃபோன் இணைப்பில். ரீசெட்டைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு முன் எல்லாப் பதிவுகளும் ஃபோனுக்குப் போய்விட்டனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓடும்போதும் இதே மாதிரி கணக்கிடலாம்: 30 மணி நேரம் வர வேண்டிய வாட்ச் இரண்டு மணி நேர லாங் ரன்னுக்கு 7 சதவீதம் எடுக்கலாம், 15 எடுக்கக் கூடாது. நாலைந்து வருடம் பழகிய வாட்ச் என்றால் பேட்டரியே தளர்ந்திருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பந்தயம் இருந்தால் அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் எந்த அப்டேட்டும் வேண்டாம். ஆட்டோமேட்டிக் அப்டேட்டை அணைத்துவிடுங்கள், ஃபோனிலும் சேர்த்து. இத்தனையும் செய்தபின் கோளாறு நிற்கவில்லை என்றால் குறித்து வைத்த எண்களோடு நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். வாரன்ட்டி முடிய இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன என்றால் அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும் என்ற பதிலை ஏற்றுக்கொண்டு காத்திருக்காதீர்கள். இந்தியாவில் வாங்கிய வாட்ச்சுக்கு நிறுவனம் பதில் தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.